முள் காட்டிய நாற்பது

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர்கள், மீன் பெட்டி தூக்குகிறவர்கள், ஏலம் கூறுகிறவர்கள் எல்லோருக்கும் கொளஞ்சியப்பன் 'நாப்பது'தான். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி ஓட்டாத மனிதன். சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகிற மற்ற வண்டிக்காரர்கள் ஆலப்பாக்கம் வருவதற்குள் அவனை முந்திவிடுவார்கள். முந்தும்போது ஆரன் அடித்து, "நாப்பது, மீனு நாறிடப் போவுது" என்று கத்துவார்கள். அவன் சிரிப்பான். கால் மட்டும் ஆக்சிலேட்டரில் ஒரு நூல் கூட இறங்காது.

அதற்குக் காரணம் பயமில்லை. திட்டக்குடிப் பக்கம் மூன்று பங்காகப் பிரிந்துபோன புன்செய் நிலத்தை விட்டுவிட்டு லாரி கிளீனராகக் கடலூர் வந்தவன் அவன். கனரக வண்டி லைசென்ஸ் எடுத்த வருஷமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து வைத்தான். அரசு பஸ்ஸில் டிரைவராக உட்கார வேண்டும். அது ஒன்றுதான் ஆசை. அந்த வேலைக்குக் கூப்பிடும்போது ஒரு விபத்துக் கேஸ் கூட இருக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அவன் கண் பாதி ரோட்டிலும் பாதி ஸ்பீடாமீட்டர் முள்ளிலும் இருந்தது.

2004இல் மீன் மொத்த வியாபாரி ஞானசேகரனிடம் வேலைக்குச் சேர்ந்தான். வண்டி பழைய டீசல் பிக்கப். புதுச்சேரியில் மூன்று கை மாறி வந்தது. கதவைச் சாத்தினால் ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கும், இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆனால் இழுவை நன்றாக இருந்தது.

மறுவருஷ மழைக்காலத்தில் ஸ்பீடாமீட்டர் கோளாறு ஆரம்பித்தது. நாற்பதில் நிற்கிற முள் சட்டென்று இருபதுக்குச் சரியும். பிறகு துடிதுடித்து ஐம்பதுக்கு ஏறும். டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் ஒழுங்காகிவிடும். நான்கு நாள் சும்மா இருக்கும், ஐந்தாம் நாள் மறுபடியும் ஆடும். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது ஆடாது. பாதி வழிக்கு மேல்தான் ஆடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினால் சொல்லி வைத்தாற்போல நன்றாக வேலை செய்யும்.

முதலாளியிடம் சொன்னான்.

"மீட்டரப் பாத்தா மீன் விக்கிறோம்? பிரேக் புடிக்குதா, போதும்" என்றார் ஞானசேகரன்.

ஒரு வருஷத்துக்கு மேல் நச்சரித்து, 2007 ஜனவரியில் முதலாளியை ஒப்புக்கொள்ள வைத்து, ராபர்ட் பட்டறையில் வண்டியை விட்டான். ராபர்ட் அவன் வயசுக்காரன். வண்டிகளுக்கு வயரிங், மீட்டர் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த பிறகும் பட்டறையைத் திறக்கிற ஆள். மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு நீளமான கேபிளை உருவிக் காட்டினான்.

"இது கீழ கியர்பாக்ஸ்லேர்ந்து மேல மீட்டருக்கு வருது மச்சான். சக்கரம் ஓடுனா இதுக்கு உள்ள இருக்கற கம்பி சுத்தும். கம்பி சுத்துனா முள்ளு ஏறும். கம்பி துருப்புடிச்சி எறுகிக் கெடக்கு பாரு. அதான் ஆடுது."

புதுக் கேபிள் போட்டார்கள். பக்கத்திலிருந்த உப்பனாற்றுப் பாலம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். முள் ஆடாமல் அசையாமல் நின்றது. கொளஞ்சியப்பனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஆடிக்கொண்டிருந்த வரைக்கும் அவன் அந்த முள்ளைப் பாதிதான் நம்பினான். ஆட்டம் நின்ற பிறகு முழுசாக நம்பினான்.

அந்த மார்ச்சில், பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு காலை. புதுச்சத்திரம் தாண்டி, இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு இருக்கிற ஒரு நிறுத்தம். இடது பக்கம் பள்ளி யூனிபாரத்தில் ஒரு பெண் தனியாக நின்று, ரோட்டுக்கு எதிர்ப்புறம் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கொளஞ்சியப்பனுக்குப் பின்னால் சிதம்பரம் போகிற டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. அவன் வழக்கம்போல முள்ளைப் பார்த்தான். நாற்பது. கண்ணை எடுத்து நிமிர்ந்தபோது வலது பக்கத்துத் தோப்புச் சந்திலிருந்து ஒரு நடுவயசுப் பெண் கையில் ஏதோ காகிதத்தைப் பிடித்தபடி ரோட்டின் குறுக்கே ஓடி வந்தாள்.

பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. நின்றபோது அவள் வண்டிக்குப் பின்னால் கிடந்தாள்.

பெயர் செல்லாயி. இறால் பண்ணையில் வேலை பார்த்தவள். கையில் இருந்தது மகளின் பரீட்சை ஹால்டிக்கெட். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஸ்டேஷனில் அவன் சொன்னது ஒன்றேதான். "நாப்பதுலதான் சார் வந்தேன். முள்ளப் பாத்தேன் சார். நாப்பது." எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையை நிமிர்த்தாமலே, "எல்லாரும் அதான்யா சொல்றாங்க" என்றார். வண்டியைச் சோதித்தார்கள். பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று சான்று வந்தது. ஒரு வாரமாக ஸ்டேஷன் வளாகத்தில் நின்று ஆறிக் கிடந்த வண்டி அது.

அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்ததாகச் சிதம்பரம் கோர்ட்டில் கேஸ் நடந்தது. வண்டி திரும்பக் கிடைத்ததும் அவன் அதையே ஓட்டிக்கொண்டிருந்தான். இடையில், 2008இல், பதினாறு வருஷம் காத்திருந்த கார்டு வந்தது. அரசு பஸ் டிரைவர் நேர்காணல். மனைவி மாலதி அவனுக்கு வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். அங்கே கொடுத்த படிவத்தில், நிலுவையில் வழக்கு உண்டா என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதுவரை படித்துவிட்டுப் பேனாவை மூடினார். "கேஸ் முடியட்டும். அடுத்த தடவ பாக்கலாம்." அடுத்த தடவை வயசு தாண்டிவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து மாலதியிடம், "நான் நாப்பதுலதான் வந்தேன்" என்றான். அவள் அதை அந்த வருஷத்தில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். "நீ ஓட்டுறது ஊருக்கே தெரியும். கோர்ட்டுக்கும் தெரியட்டும்" என்றாள்.

2009 பிப்ரவரியில் செல்லாயியின் மகள் வெண்மதி சாட்சி சொல்ல வந்தாள். அன்றைக்கு அந்தப் பரீட்சையை எழுதாமல், ஜூனில் துணைத் தேர்வு எழுதித் தேறி, சிதம்பரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் அவள் அப்பா பக்கிரி உட்கார்ந்திருந்தார். கொளஞ்சியப்பனின் வக்கீல் எழுந்தார்.

"வண்டி வேகமா வந்துச்சாம்மா?"

"எனக்குத் தெரியல சார். நான் வண்டியப் பாக்கல. அம்மாவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஹால்டிக்கெட்ட மறந்துட்டுப் போயிட்டீங்க. அம்மா எடுத்துக்கிட்டு வந்தாங்க. நீங்க அவுங்கள என்ன சொல்லிக் கூப்புட்டீங்க?"

"பஸ்ஸு வருதும்மா, ஓடியான்னு சொன்னேன்."

"நீங்க அப்படிக் கூப்புட்டதாலதான் ரெண்டு பக்கமும் பாக்காம ஓடி வந்தாங்க. சரிதானே?"

அவள் திரும்பிக் கொளஞ்சியப்பனைப் பார்த்தாள். யாரோ இருமினார்கள்.

"ஆமா சார்" என்றாள்.

பக்கிரி எழுந்து வெளியே போய்விட்டார். கொளஞ்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். நெஞ்சில் இரண்டு வருஷமாக அழுத்திக்கொண்டிருந்தது இறங்கினாற்போல இருந்தது. பதினைந்து நாளில் தீர்ப்பு வந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, விடுதலை.

"அந்தப் பொண்ணு உள்ளது உள்ளபடி சொன்னதால பொழச்சீங்க" என்றார் வக்கீல், மேலவீதியில் காபி குடித்தபடி.

அந்த ஆடி மாசம் மாலதியின் சித்தி வீட்டு விசேஷம் சிதம்பரத்தில். பஸ்ஸில் கூட்டம் என்று அவள் மீன் வண்டியிலேயே ஏறிக்கொண்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் ஓட்டுகிற வண்டியில் அவள் தூரம் போவது அதுதான் முதல் தடவை. முதுநகர் தாண்டும்வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தவள், ஆலப்பாக்கம் தாண்டியதும் முந்தானையைத் தலையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாத்துக்கு இப்படிப் பறக்கற?" என்று அவன் காதருகே கத்தினாள்.

அவன் சிரித்துக்கொண்டே முள்ளைக் காட்டினான். "பாரு. நாப்பது."

அவள் முள்ளைப் பார்த்தாள். வெளியே ஓடுகிற பனைமரங்களைப் பார்த்தாள். "எனக்கு அதெல்லாம் தெரியாது. மூஞ்சில காத்து இந்த அடி அடிக்குது. டவுன் பஸ்ஸுல கூட இப்படி அடிக்காது. மெதுவாப் போ."

அதற்கு முன்னால் சத்தமில்லாமல் கிடந்த ஒன்று அவன் மனசில் எழுந்து நின்றது. கொஞ்ச காலமாகவே அவனை ஒருவரும் முந்துவதில்லை. ஆரன் அடித்துக் கத்துவதும் நின்றுபோயிருந்தது. ஒருத்தி செத்துப்போனதற்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டார்கள் என்று அவனாக நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஸ்டியரிங்கில் கட்டினான். நாற்பதில் போனால் ஒரு கிலோமீட்டர் கடக்க ஒன்றரை நிமிஷம் ஆக வேண்டும். லாரி கிளீனராக இருந்த காலத்திலேயே கற்றுக்கொண்ட கணக்கு. முதுநகரை விட்டதும் இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவில் பார்த்தான். தொண்ணூறு விநாடி. அடுத்த கல், தொண்ணூறு. ஆலப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் எண்பது. முள் நாற்பதிலேயே நின்றது. புதுச்சத்திரம் தாண்டியதும் பார்த்தான். அறுபது விநாடி. கண் தப்பியிருக்கும் என்று அடுத்த கல்லுக்கும் பார்த்தான். ஐம்பத்தெட்டு.

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம். அறுபது.

மீனை இறக்கிவிட்டு நேரே ராபர்ட் பட்டறைக்கு வந்தான்.

ராபர்ட் முதலில் நம்பவில்லை. "மீட்டரு செத்தா சாவும், இல்ல ஆடும். ஆடாம கம்மியாக் காட்டாது" என்றான். தன்னிடம் இருந்த வேறொரு மீட்டரை மாட்டினான். சிதம்பரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். அதே கதைதான், பாதி வழிக்கு மேல் கல் சீக்கிரம் சீக்கிரமாக வந்தது. அப்படியானால் மீட்டர் மேல் குற்றமில்லை. கேபிளை அடி முனையில் கழற்றி, டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுற்றினான். முள் ஏறி ஒரே இடத்தில் நின்றது. கால் மணி நேரம் சுற்றியும் இறங்கவில்லை. கேபிள் மேலும் குற்றமில்லை.

"அப்ப கீழதான்" என்றான் ராபர்ட். அவன் முகம் மாறிவிட்டிருந்தது.

பின்பக்கத்தை ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் அந்தரத்தில் சுற்றும்படி நான்காம் கியரில் இன்ஜினை ஓடவிட்டார்கள். ஆக்சிலேட்டரை ஒரே இடத்தில் நிற்கும்படி கம்பியால் கட்டினான் ராபர்ட். முள் நாற்பதில் நின்றது. பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. இருபது நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. கொளஞ்சியப்பனுக்கு நம்பிக்கை துளிர்த்தது. தப்பாக எண்ணியிருப்போம். கல் நட்டவன் தப்பாக நட்டிருப்பான்.

அரை மணிக்கு மேல் கியர்பாக்ஸ் கை வைக்க முடியாமல் சுட்டது. சக்கரம் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முள் மட்டும் முப்பத்தெட்டு, முப்பத்தைந்து என்று, குளத்தில் தண்ணீர் வற்றுகிற மாதிரி, இறங்கி இறங்கி இருபத்தாறில் நின்றது. ஒரு துளி ஆடவில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு, கேபிள் முனை சேருகிற இடத்தில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு சின்ன உருப்படியை ராபர்ட் கழற்றி எடுத்தான். சுண்டு விரல் நீளம் இரும்பு அச்சு. அதன் மேல் இறுக்கிப் போட்ட வெள்ளை நைலான் பல்சக்கரம். ஆறிய பிறகு கையால் திருகிப் பார்த்தான். அச்சும் சக்கரமும் ஒன்றாகவே திரும்பின. எண்ணெயைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். பல்லுக்கு நடுவில் தலைமுடி போல ஒரு வெடிப்பு.

எதிர்த்த டீக்கடையில் ஒரு கிளாஸ் கொதிக்கிற தண்ணீர் வாங்கி வந்து அதில் போட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியால் எடுத்து, துணியால் பிடித்துத் திருகினான். அச்சு நின்ற இடத்தில் நிற்க, சக்கரம் மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"சில்லுனு இருந்தா கவ்விப் புடிக்குது. சூடானா விட்டுடுது" என்றான் ராபர்ட். "பழைய கேபிளு எறுகி எறுகித்தான் இது வெடிச்சிருக்கு. அப்பல்லாம் எறுக்கத்துல முள்ளு ஆடுச்சு. நான் புதுக் கேபிள் போட்டேன். எறுக்கம் போச்சு. வழுக்குறது மட்டும் இருந்துச்சு. அது ஆடாம வழுக்குது." கிளாஸில் இருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினான். "அன்னிக்கே கீழ பாத்திருக்கணும். பாலம் வரைக்கும் ஓட்டிட்டு சரின்னு சொல்லிட்டேன்."

"அப்ப அன்னிக்கி?" என்றான் கொளஞ்சியப்பன்.

"முதுநகர்லேர்ந்து அங்க இருவது கிலோமீட்டருக்கு மேல. நல்லா சூடாயிருக்கும்."

"அறுவதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அம்பத்தஞ்சு இருக்கும். அறுவது இருக்கும்." ராபர்ட் கையைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தான். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டான். "ஏன் மச்சான், இருவது வருசமா வண்டி ஓட்டுற. முள்ளு பொய் சொல்லும். காலுக்குத் தெரியலையா ஒனக்கு?"

கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோதும், அதற்குப் பின் வந்த நாட்களிலும் அந்தக் கேள்வியைத்தான் உருட்டிக்கொண்டிருந்தான். புதுக் கேபிள் போட்ட பிறகு சிதம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்ச் சேர ஆரம்பித்தது ஞாபகம் வந்தது. மீன் நன்றாக இருக்கிறது என்று மார்க்கெட்டில் சொன்னதும், முதலாளி முதல் தடவையாக முதுகில் தட்டிக்கொடுத்ததும் ஞாபகம் வந்தது. ரோடு காலியாக இருந்தது என்று அப்போது நினைத்தான். மாலதிக்கு ஒரே நாளில் காற்றில் தெரிந்தது அவனுக்கு எப்படித் தெரியாமல் போயிருக்கும்? தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை, தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை. முள் நாற்பது என்றது. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

வக்கீலிடம் போனான். அவர் நைலான் சக்கரத்தை வாங்கிக் கூடப் பார்க்கவில்லை.

"விடுதலையான கேஸுய்யா. இத வெச்சு என்ன பண்ணப் போற? யாரும் அப்பீல் போவல. நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா போதும். வண்டி ரிப்பேர் தெரிஞ்சும் ஓட்டுனேன்னு நீயே போய்ச் சொல்லாத."

"அந்தப் பொண்ணு தன் மேல தப்புன்னு சொல்லிடுச்சு சார்."

"அது சொன்னது பொய்யா? கூப்புட்டது உண்மைதானே?"

அவன் சக்கரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

விருத்தாசலம் போய், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் இறங்கினான். அந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டுதான் அவனுக்குப் பெயரே வைத்தார்கள். களவு கொடுத்தவர்களும் ஏமாந்தவர்களும் தங்களுக்கு அநியாயம் செய்தவன் பெயரைக் காகிதத்தில் எழுதி அங்கே பிராது கட்டுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து அவனும் எழுதினான். எதிரி பெயர் கொளஞ்சியப்பன் என்று எழுதினான். என்ன நடந்தது என்று எழுதினான். என்ன வேண்டும் என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. தண்டனை கொடு என்று எழுதினால் மாலதியும் சேர்ந்து அனுபவிக்க வேண்டும். மன்னித்துவிடு என்று எழுத அவனுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? பக்கத்தில் ஆடு திருட்டுக்கு எழுதிக்கொண்டிருந்த கிழவர், "முடிச்சிட்டியா? பேனா குடு" என்றார். கொடுத்துவிட்டு எழுந்தான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

2010 பொங்கல் முடிந்த மறுவாரம், ஒரு மத்தியானம், புதுச்சத்திரம் தாண்டி அந்த நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினான். விபத்துக்குப் பிறகு அந்த இடத்தில் அவன் கால் வைப்பது அதுவே முதல் தடவை. சவுக்குத் தோப்பு வெட்டி மறுபடியும் நட்டிருந்தார்கள்.

பக்கிரி தொகுப்பு வீட்டு வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த வெண்மதி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். இருவருக்கும் அவனைத் தெரிந்துவிட்டது.

"என்னா?" என்றார் பக்கிரி. உட்காரச் சொல்லவில்லை.

அவன் நின்றபடியே சொன்னான். பஸ்ஸில் வரும்போது வரிசையாக யோசித்து வைத்திருந்தது குழம்பிப்போனது. கேபிள், கியர்பாக்ஸ், சூடு என்று முன்பின்னாகச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து சக்கரத்தை எடுத்து நீட்டினான். பக்கிரி வாங்கவில்லை. வெண்மதி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து வாங்கினாள். விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்க நாப்பதுல வரல."

"இல்லம்மா. அறுவது இருக்கும். எனக்கே பின்னாடிதான் தெரிஞ்சுது. ஒன் மேல தப்பு இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன். நீ கூப்புட்டதுல ஒரு தப்பும் இல்ல."

"நாப்பதுல வந்திருந்தா வண்டி நின்னிருக்குமா?"

நின்றிருக்கும் என்று சொல்லத்தான் வந்திருந்தான். கேஸ் கட்டில் இருந்த வரைபடத்தை வைத்து, வேறொரு ரோட்டில் காலடியால் அளந்து, பிரேக் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தான். சில தடவை நின்றது. சில தடவை நிற்கவில்லை.

"சத்தியமா சொல்ல முடியலம்மா. நின்னிருக்கலாம். அடி கொறஞ்சிருக்கலாம்."

"இருக்கலாம்" என்றாள் அவள்.

பக்கிரி வலையைக் கீழே போட்டார். "கோர்ட்டுல இவளே சொன்னா. நான் இந்தக் காதால கேட்டேன். அன்னிலேர்ந்து இவ கையால நான் ஒரு வாய் சோறு திங்கல. மூஞ்சப் பாத்துப் பேசல. லீவுக்கு வரா, போறா." அவர் குரல் உயரவில்லை. "இப்ப வந்து சக்கரம் வெடிச்சுப் போச்சுங்கற. அப்ப நான் இவளப் பண்ணதெல்லாம் என்னா? அத யாரு திருப்பி எடுக்கறது?"

பதிலுக்குக் காத்திராமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்துவிட்டார். வெண்மதி அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஆமான்னு சொன்னப்ப ஒங்களத்தான் பாத்தேன்" என்றாள். "கண்ண மூடிக்கிட்டீங்க. அப்ப ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. "தப்பிச்சோம்னு இருந்துச்சும்மா."

அவள் தலையை ஆட்டினாள். எதிர்பார்த்த பதில் கிடைத்தவளைப் போல இருந்தாள். சக்கரத்தை அவன் கையில் திருப்பி வைத்தாள்.

"இத எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. இங்க வெச்சிட்டுப் போவாதீங்க. சொல்லணும்னு வந்தீங்க, சொல்லிட்டீங்க. ஒங்களுக்கு வேணும்னா மனசு ஆறும். நாங்க ரெண்டு பேரும் இந்த வீட்டுலதான் இருக்கணும். இனிமே வராதீங்க."

குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்துதான் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ரோட்டுக்கு வந்தான்.

மனசு ஆறவில்லை. அடுத்த வாரம் வண்டிச் சாவியை ஞானசேகரனிடம் கொடுத்தான். "இப்பதான் புதுச் சக்கரம் போட்டாச்சே, இனிமே என்னா?" என்றார் அவர். புரியும்படி சொல்ல அவனால் முடியவில்லை. கால் நடுங்குகிறது என்றான். அது பொய்யும் இல்லை. புது பல்சக்கரத்தோடு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்திருந்தான். முள் நாற்பது காட்டும்போது காலுக்கு அது முப்பதாகத் தெரியும், அடுத்த நிமிஷம் எழுபதாகத் தெரியும். முதலாளி அந்த வண்டியைச் சில மாதத்தில் நெய்வேலிப் பக்கம் யாருக்கோ தள்ளிவிட்டார்.

கொளஞ்சியப்பன் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் 'பார்' எனப்படும் பெரிய ஐஸ் கட்டிகளைத் தூக்கப் போனான். நாற்பத்தைந்து வயசில் அது லேசான வேலையில்லை. மாலதி முந்திரி உடைக்கப் போக ஆரம்பித்தாள். ஓட்டின் பால் பட்டு அவள் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்தன. அவள் ஒருநாளும் அவனைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, "அன்னிக்கி நான் உன் வண்டில ஏறாம பஸ்ஸுல போயிருக்கலாம்" என்றாள். லைசென்ஸ் காலாவதியானபோது அவன் புதுப்பிக்கவில்லை. 2011 கடைசியில் அடித்த புயலில் ஐஸ் கம்பெனிக் கூரை பறந்துபோய் இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தது. பிறகு தகரம் போட்டுத் திறந்தார்கள். மறுபடியும் போனான்.

2012 வைகாசியில் ஒருநாள் ராபர்ட் ஐஸ் வாங்க வந்தான். அவன் வீட்டில் ஞானஸ்நான விருந்து. பார் உடைபடும் வரைக்கும் நின்று பேசிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணு புதுச்சேரில நர்சா இருக்குது மச்சான். எங்க சர்ச்சுக்காரங்க ஒருத்தர அங்க ஆஸ்பத்திரில சேத்திருந்தப்ப பேச்சுவாக்குல ஊரு சொன்னுச்சாம். ஊருக்கு வர்றது இல்லையாம். மாசம் அப்பாவுக்குப் பணம் அனுப்புதாம். அவரு வாங்கறது இல்லையாம், திரும்பி வந்துடுதாம்."

கொளஞ்சியப்பன் ஐஸ் துண்டுகளைக் கோணியில் அள்ளிப் போட்டான்.

"ஒரு தடவ போய்ப் பாக்கறியா?" என்றான் ராபர்ட்.

"வராதன்னு சொல்லிடுச்சு" என்றான் கொளஞ்சியப்பன். கோணியின் வாயை இறுக்கிக் கட்டி ராபர்ட்டின் வண்டியில் தூக்கி வைத்தான். "வெயிலு ஜாஸ்தியா இருக்கு. மேல வைக்கோல் போட்டு மூடிக்க. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள கரைஞ்சிடும்."

ராபர்ட் போன பிறகு உள்ளே போனான். அடுத்த பார் வந்து காத்திருந்தது.